180 நாள் என்று எல்லோரும் சொன்னார்கள், 90 நாளை யாரும் சொல்லவில்லை

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் நானும் என் ரூம்மேட்டும் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறோம். நான் கரூர், அவன் திருநெல்வேலி. படித்தது வேறு வேறு பல்கலைக்கழகங்களில், ஆனால் இரண்டு பேருமே மாஸ்டர்ஸ், இரண்டு பேருமே 2024 டிசம்பரில் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்தோம், படிப்பு முடிந்ததாகச் சொல்லும் கடிதமும் ஒரு வார இடைவெளியில் வந்துவிட்டது. அவனுக்கு ஜனவரி 9, எனக்கு ஜனவரி 14. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பதிவு. எனக்கு வேலை அனுமதி, அதாவது இங்கே எல்லோரும் பி.ஜி.டபிள்யூ.பி. என்று சொல்லும் போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட், 204 நாள் கழித்து வந்தது. அந்த 204 நாளில் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், சம்பளம் வாங்கினேன். அவன் இன்னும் காத்திருக்கிறான், ஒரு மணி நேரம்கூட வேலை செய்ய முடியாமல்.

"எத்தனை நாள் ஆகும்?" என்றுதான் எல்லா ஜூனியர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தப்பில்லை, நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் எத்தனை நாள் காத்திருக்கப் போகிறோம் என்பது நம் கையில் இல்லை. எந்த நிலையில் காத்திருக்கப் போகிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது, அதுவும் விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் இருக்கிறது.

முதலில் எங்களுக்கு முன்னால் வந்த சீனியர்களின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கதையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவர்கள் காலத்தில் கம்ப்ளீஷன் லெட்டர் கைக்கு வந்ததும் நயாகரா வரை காரில் போய், பாலத்தைத் தாண்டி அமெரிக்க எல்லையைத் தொட்டுத் திரும்பி, கனடா எல்லை அதிகாரியிடமே பெர்மிட் வாங்கிவிடுவார்கள். ஃப்ளாக்போலிங் என்று பெயர். ஒரே நாளில் வேலை முடிந்தது. 2024 ஜூன் 21ஆம் தேதியோடு பி.ஜி.டபிள்யூ.பி.க்கு அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இப்போது எல்லோரும் கனடாவின் குடியேற்றத் துறையான ஐ.ஆர்.சி.சி.யின் அக்கவுண்ட்டில் ஆன்லைனில் போட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். "அண்ணா ஒரே நாளில் வாங்கினாராமே" என்று இன்னும் யாராவது சொன்னால் அது பழைய கதை.

அடுத்தது மொழித் தேர்வு. 2024 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து பி.ஜி.டபிள்யூ.பி. போடுகிறவர்கள் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சுத் தேர்வு முடிவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் என்றால் நான்கு பிரிவிலும் சி.எல்.பி. என்ற கனடாவின் மொழித்திறன் அளவுகோலில் 7, காலேஜ் டிப்ளமோ என்றால் பெரும்பாலும் 5. நான் இதைக் கேள்விப்பட்டபோது கவலைப்படவே இல்லை, ஊரிலிருந்து வரும்போதே ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி நல்ல மார்க் வாங்கித்தானே வந்தோம் என்று இருந்தேன். அது அகாடமிக். இதற்கு அது செல்லாது, ஜெனரல் ட்ரெய்னிங்தான் வேண்டும். இல்லையென்றால் செல்பிப் ஜெனரல், அல்லது பி.டி.இ. கோர். பி.டி.இ.யிலும் அகாடமிக் செல்லாது. தேர்வு முடிவு வந்து 2 வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. படிப்பு முடிந்த பிறகுதான் தேர்வு எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கடைசி செமஸ்டர் நடக்கும்போதே, அக்டோபரிலேயே எழுதி வைத்திருக்கலாம். நான் ஜனவரியில்தான் எழுதினேன், செல்பிப், முடிவு சீக்கிரம் வந்ததால் தப்பித்தேன்.

அவனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் ரைட்டிங் 5.5 வந்தது. சி.எல்.பி. 7க்கு 6 வேண்டும். அரை மார்க். மற்ற மூன்றிலும் தாராளமாகத் தாண்டியிருந்தான். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

மறுபடி எழுதலாம், அதனால் என்ன, கம்ப்ளீஷன் லெட்டர் வந்ததிலிருந்து 180 நாள் இருக்கிறதே என்று அவன் நிதானமாக இருந்தான். ஒரு ஏஜென்ட்டிடமும் கேட்டான். "180 நாள் டைம் இருக்கு தம்பி, அவசரப்படாதீங்க, நல்லா படிச்சு எழுதுங்க" என்று பதில் வந்தது. அவனுடைய ஸ்டடி பெர்மிட்டிலும், அதாவது மாணவராக இங்கே இருப்பதற்கான அனுமதியிலும், 2025 ஜூலை 31 வரை என்று அச்சாகியிருந்தது. 180 நாள் என்பது ஜூலை 8. ஆக இரண்டு கணக்கிலும் இடம் இருக்கிறது. மார்ச்சில் ஒரு முறை எழுதினான், மறுபடி 5.5. ஏப்ரல் கடைசியில் எழுதினான், 6.5.

இந்த நாலு மாதமும் அவன் வேலைக்குப் போகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவன் விதியை மீறியவன் இல்லை. படிக்கும்போது வாரத்துக்கு 24 மணி நேரம் வெளியே வேலை செய்யலாம். படிப்பு முடிந்துவிட்டதாகக் கடிதம் வந்த பிறகு, பி.ஜி.டபிள்யூ.பி. விண்ணப்பத்தை அனுப்பும் வரை, அந்த 24 மணி நேரமும் கிடையாது. அனுப்பிய பிறகு முழு நேரமும் செய்யலாம். நடுவில் இருக்கும் அந்த நாட்களில்தான் பலர் தெரியாமல் ஷிஃப்டுக்குப் போய், பிறகு விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அவனுக்கு இது தெரிந்திருந்தது. வேலை பார்த்த கடையில் ஜனவரி 9ஆம் தேதியே சொல்லிவிட்டு நின்றுவிட்டான். சேர்த்து வைத்திருந்த பணத்தில் வாடகை கொடுத்துக்கொண்டு, பகல் முழுக்க உட்கார்ந்து ரைட்டிங் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அதே விதியால் ஜனவரி 14லிருந்து பிப்ரவரி 3 வரை வேலைக்குப் போகவில்லை. மூன்று வாரம். அதற்கே எனக்குக் கை வறண்டுவிட்டது.

மே 10, சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் லேப்டாப்பைத் திறந்து அவனுடைய விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். நான் ஏற்கெனவே போட்டுவிட்டவன் என்பதால் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்று சரிபார்க்க அரசு இணையதளத்தில் பி.ஜி.டபிள்யூ.பி. பக்கத்தைத் திறந்து வைத்திருந்தோம். அதில் கீழே போகும்போது ஒரு வரி. ஸ்டடி பெர்மிட் அதில் அச்சாகியிருக்கும் தேதியில் முடியும், அல்லது படிப்பு முடிந்து 90 நாளில் முடியும், எது முந்தி வருகிறதோ அதில். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை எடுத்து காலண்டரில் ஜனவரி 9லிருந்து நாளை எண்ண ஆரம்பித்தான். ஏப்ரல் 9.

அதாவது ஒரு மாதத்துக்கு முன்பே அவனுக்கு இந்த நாட்டில் ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி தங்கும் உரிமை, போய்விட்டது. அவன் கையில் இருந்த காகிதம் ஜூலை 31 என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எப்படி இவ்வளவு பெரிய இடைவெளி வந்தது என்றால், அவன் கொஞ்சம் சீக்கிரம் படித்து முடித்துவிட்டான். அட்மிஷன் கடிதத்தில் 20 மாதப் படிப்பு என்று இருந்தது. அதற்கு ஏற்றபடி பெர்மிட் கொடுத்திருந்தார்கள். கோடை விடுமுறையிலும் பாடம் எடுத்து 16 மாதத்தில் முடித்தான், ஒரு செமஸ்டர் செலவு மிச்சமாகும் என்று. என்னுடைய பெர்மிட் 2025 மார்ச் 31 வரைதான் இருந்தது. அந்தத் தேதி பயமுறுத்தியதால் நான் பிப்ரவரியிலேயே போட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் அதிகம் தெரிந்திருக்கவில்லை. என் பெர்மிட்டில் இருந்த தேதி கிட்டத்தில் இருந்தது, அவனுடையது தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆக 180 நாள் என்பது பி.ஜி.டபிள்யூ.பி. கேட்பதற்கான கெடு. 90 நாள் என்பது நீங்கள் மாணவராக இங்கே இருப்பதற்கான கெடு. இரண்டும் வேறு. விண்ணப்பத்தை 90 நாளுக்குள்ளும், பெர்மிட்டில் உள்ள தேதிக்குள்ளும் போட்டால்தான் காத்திருக்கும் காலம் முழுக்க வேலை செய்யும் உரிமை கிடைக்கும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கச்சி, தம்பி யாராவது இங்கே படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

அன்றைக்கு இரவு அவன் தூங்கவில்லை. ஊரில் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலையாக இருந்தது. கல்விக் கடன் அவர் பெயரையும் சேர்த்து எடுத்தது.

திங்கட்கிழமை காலையிலேயே அவனுடைய பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போனோம். இந்த இடத்துக்கு ஜனவரியிலேயே போயிருக்க வேண்டும். அங்கே குடியேற்ற ஆலோசனை சொல்ல லைசென்ஸ் உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஒரு டாலர்கூட கேட்பதில்லை, படிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச காலம் உதவுகிறார்கள். அங்கே இருந்த அம்மா முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னது இதுதான்: ஸ்டேட்டஸ் போய் 90 நாளுக்குள் ரெஸ்டோரேஷன், அதாவது போன ஸ்டேட்டஸைத் திரும்பத் தரும்படி, கேட்கலாம், இன்னும் நாள் இருக்கிறது, 180 நாள் கெடுவும் தாண்டவில்லை, ஆகவே ரெஸ்டோரேஷனையும் பி.ஜி.டபிள்யூ.பி.யையும் சேர்த்துப் போடுங்கள், இரண்டு கட்டணமும் கட்டுங்கள், என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். ஆனால் முடிவு வரும் வரை வேலை செய்யக் கூடாது. "நாட் ஈவன் ஒன் ஷிஃப்ட்" என்று இரண்டு முறை சொன்னார். அன்று மாலையே போட்டுவிட்டோம், மே 12.

ஏஜென்ட் விஷயத்தில் ஒன்று. கனடாவில் காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல லைசென்ஸ் வேண்டும். வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது குடியேற்ற ஆலோசகர்களுக்கான கல்லூரி என்று ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது, அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஊரிலிருந்து அட்மிஷன் வாங்கிக் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம், அதற்காக இந்த ஊர்ச் சட்டம் அவருக்குத் தெரியும் என்று அர்த்தம் இல்லை.

இனி என் 204 நாள்.

பிப்ரவரி 3 இரவு போட்டேன். ஐ.எம்.எம். 5710 என்ற ஃபாரம், அதை அடோபி ரீடரில்தான் திறக்க வேண்டும், பிரவுசரில் திறந்தால் வெறும் செய்திதான் தெரியும். எல்லாம் நிரப்பி வாலிடேட் பட்டனை அழுத்தினால் கடைசியில் பார்கோடு பக்கம் வர வேண்டும், வந்தால்தான் ஃபாரம் சரி. கம்ப்ளீஷன் லெட்டர், டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட் பக்கங்கள், போட்டோ, மொழித் தேர்வு முடிவு. கட்டணம் 255 டாலர், அதில் 155 வொர்க் பெர்மிட்டுக்கு, 100 ஓப்பன் வொர்க் பெர்மிட் என்பதற்காக. அந்த 100ஐ விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், ரசீதில் இரண்டு வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் பாஸ்போர்ட் 2027இல் முடிவதாக இருந்தது. பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி பெர்மிட் கொடுக்க மாட்டார்கள், மூன்று வருடம் கிடைக்க வேண்டியவருக்கு இரண்டு வருடமோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துவிடுவார்கள். மிச்சத்துக்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் மறுபடி கட்டணம், மறுபடி இதே வரிசை. என் வகுப்பில் ஒருவருக்கு இப்படி 14 மாதத்துக்குத்தான் வந்தது. நான் 2024 நவம்பரிலேயே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். இதைச் சொன்னது மாடியில் இருக்கும் வீட்டுக்கார ஆன்ட்டி. யாழ்ப்பாணத்துக்காரர். "தம்பி, எந்த அலுவலுக்குப் போனாலும் முதல்ல பாஸ்போட்டைத்தான் பாப்பினம், அதை முதல்ல செய்யுங்கோ" என்றார். என்னுடைய மாஸ்டர்ஸ் இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றாலும், 2024 பிப்ரவரி 15லிருந்து மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு மூன்று வருடப் பெர்மிட் கிடைக்கிறது, ஆகவே எனக்கு அந்தப் புதுப்பித்தல் ஒன்றுக்கே முழு மூன்று வருடம் கிடைத்தது.

எனக்கு ஒரு கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் வேலை உறுதியாகியிருந்தது, பிப்ரவரி 10 சேர வேண்டும். ஹெச்.ஆர். வீடியோ காலில் வந்தார். வொர்க் பெர்மிட் காப்பி அனுப்புங்கள் என்றார். இன்னும் வரவில்லை, ஆனால் வேலை செய்யலாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "எப்படி?" எனக்கு வாய் குழறிவிட்டது. சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னேன், எந்தச் சட்டம் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் லீகல் டீமைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அழைப்பை முடித்துவிட்டார். அந்த இரவு உட்கார்ந்து ஒரே பி.டி.எஃப். ஒன்று தயார் செய்தேன். முதல் பக்கத்தில் நான்கு வரி: ஸ்டடி பெர்மிட் இந்தத் தேதி வரை செல்லும், படிப்பு இந்தத் தேதியில் முடிந்தது, பெர்மிட் செல்லுபடியாக இருக்கும்போதே இந்தத் தேதியில் விண்ணப்பித்தேன், குடியேற்ற விதிமுறை 186(டபிள்யூ) பிரிவின்படி முடிவு வரும் வரை முழு நேரம் வேலை செய்யலாம். அதன் கீழே அரசு இணையதளத்தில் இதைச் சொல்லும் பக்கத்தின் முகவரி. அடுத்தடுத்த பக்கங்களில் ஸ்டடி பெர்மிட், கம்ப்ளீஷன் லெட்டர், விண்ணப்பம் கிடைத்ததற்கான உறுதிக் கடிதம், கட்டண ரசீது. அனுப்பி இரண்டாம் நாள் பதில் வந்தது. பிப்ரவரி 18 வேலையில் சேர்ந்தேன், ஒரு வாரம் தள்ளி. அந்த பி.டி.எஃப்.ஐ நான் முன்பே செய்து வைத்திருந்தால் அந்த ஒரு வாரமும் போயிருக்காது. ஹெச்.ஆரில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான், அவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள்தான் காகிதமாகக் கொடுக்க வேண்டும்.

மூன்று வாரம் போல் கழித்து அக்கவுண்ட்டிலேயே ஒரு கடிதம் வந்தது, இவர் முடிவு வரும் வரை வேலை செய்யலாம் என்று. அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்து ஹெச்.ஆர். மறுபடி கேட்டார், அதோடு உங்கள் அனுமதி முடிகிறதா என்று. இல்லை, முடிவு வரும் நாள் வரை உரிமை உண்டு, அந்தத் தேதி கடிதத்துக்கானது. மார்ச் 31 தாண்டியதும் சின் நம்பர், அதாவது சம்பளம் வாங்க வேண்டிய அரசு எண், விஷயம் வந்தது. எங்களுக்கெல்லாம் 9இல் தொடங்கும் சின், அது ஸ்டடி பெர்மிட்டோடு சேர்ந்து காலாவதியாகும், சம்பளம் போடும் சிஸ்டம் தானாகவே எச்சரிக்கை கொடுத்துவிட்டது. அதற்கும் அதே பி.டி.எஃப்., அதோடு இந்தக் கடிதம்.

மருத்துவக் காப்பீட்டை நான் கவனிக்காமல் விட்டேன். பல்கலைக்கழகக் காப்பீடு படிப்போடு முடிந்தது. ஒன்டாரியோ மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் கார்டு வாங்க பெர்மிட் கையில் வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறையாத முழு நேர வேலை என்று கம்பெனி கடிதமும் வேண்டும். நடுவில் எதுவும் இல்லை. மார்ச்சில் காய்ச்சல் வந்து வாக்-இன் கிளினிக்கில் கைக்காசு கொடுத்தேன், பிறகுதான் தனியார் காப்பீடு எடுத்தேன். முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

ஐ.ஆர்.சி.சி. இணையதளத்தில் போடும் காத்திருப்புக் காலத்தைப் பார்த்து நாளை எண்ணாதீர்கள். நான் போட்ட நாளில் ஒரு எண் இருந்தது, ஏப்ரலில் அது கூடியது, மே மாதம் மறுபடி கூடியது. அது முன்பு போட்டவர்களில் பெரும்பாலோருக்கு எவ்வளவு நாள் ஆனது என்ற கணக்கு, நமக்குக் கொடுக்கும் வாக்கு இல்லை. அக்கவுண்ட்டை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை திறந்து பாருங்கள், கூடுதல் காகிதம் கேட்டு செய்தி வந்திருந்தால் அதற்குப் பதில் சொல்ல கொஞ்ச நாள்தான் கொடுப்பார்கள், அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் போய் விழுவதும் உண்டு.

நாலாவது மாதம் தாங்க முடியாமல் ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ், அதாவது என் விண்ணப்பம் பற்றிய அதிகாரிகளின் குறிப்புகள், கேட்டேன். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி, கனடாவில் இருக்கும் யார் வேண்டுமானாலும் தங்கள் கோப்பைக் கேட்கலாம். வருவதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது, அதிகாரி இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அது தேவைப்பட்டது. எதுவும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகு தூக்கம் வந்தது. எம்.பி. அலுவலகத்துக்கும் எழுதினேன். நம் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், நமக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் விசாரித்துச் சொல்கிறார்கள். அவர்களால் வரிசையைத் தாண்டி முன்னால் கொண்டுபோக முடியாது, கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும்.

ஜூன் மாதம் என் அக்கா கல்யாணம். வைகாசி முகூர்த்தம், காலை 6.30. என் விசா ஸ்டடி பெர்மிட்டோடு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. போகலாம், திரும்பி வர விசா வேண்டும். இங்கிருந்தபடியே புது விசா கேட்க கையில் செல்லுபடியாகும் பெர்மிட் வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறேன். அக்காவிடம் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வந்துவிடும் வந்துவிடும் என்று மே கடைசி வரை நம்பிக்கை கொடுத்துவிட்டேன், அதுதான் இன்னும் வலிக்கிறது. இங்கே ராத்திரி 9 மணி. அடுப்படி மேடையில் பருப்பு டப்பா மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். மேளம் கொட்டும்போது படம் நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது தாலி கட்டியாகிவிட்டது, எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் ரூம்மேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், அவன்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கையசைத்தான். காத்திருக்கும் காலத்தில் வீட்டு விசேஷம் வருமென்றால், வர முடியாது என்றே முதலில் சொல்லிவிடுங்கள்.

ஆகஸ்ட் 26 காலை 11 மணி வாக்கில் அக்கவுண்ட்டில் அப்ரூவ்டு என்று மாறியது. காகிதம் 9 நாள் கழித்து தபாலில் வந்தது. வந்ததும் நிதானமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி, கீழே இருக்கும் குறிப்புகள். மெடிக்கல், அதாவது மருத்துவப் பரிசோதனை, செய்யாதவர்களுக்கு மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், பள்ளி ஆசிரியர் வேலைகள் செய்யக் கூடாது என்று குறிப்பு இருக்கலாம், என்னுடையதில் இருந்தது. அந்தத் துறைக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே மெடிக்கல் செய்துகொள்வது நல்லது. மூன்று வருடம் பெர்மிட் கொடுத்த நாளிலிருந்துதான் எண்ணப்படுகிறது, ஆகவே காத்திருந்த 204 நாள் எனக்கு நஷ்டம் இல்லை. பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு, கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்ற பிரிவில் போக ஒரு வருட வேலை அனுபவம், 1,560 மணி நேரம் வேண்டும், அந்த 204 நாளில் முறைப்படி செய்த வேலையும் அதில் சேரும்.

அவனுக்கு எதுவும் சேரவில்லை. மே மாதத்திலிருந்து அவன் நூலகத்துக்குப் போகிறான், பைத்தானில் ஏதோ கற்றுக்கொள்கிறான், சமைக்கிறான். இரண்டு கம்பெனிகள் கூப்பிட்டு, எப்போது சேர முடியும் என்று கேட்டு, பதில் சொல்ல முடியாமல் விட்டுப்போயின. ஜூலை வாடகைக்கு அவன் மாடிக்கு ஏறிப் போய் அரைப் பணத்தை நீட்டியபோது ஆன்ட்டி வாங்கவில்லை. "இப்ப வேண்டாம் தம்பி. வேலை கிடைச்ச பிறகு தாங்கோ. நாங்கள் வந்து அகதி ஹியரிங்குக்கே நாலு வருசம் இருந்தனாங்கள், எனக்குத் தெரியும்" என்றார். அவன் கீழே வந்து அந்தப் பணத்தை அப்படியே மேசை மேல் வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தான். நான் என் பங்கோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்கு அது பிடிக்கவில்லை, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான்.

காசு கையில் கொடுக்கிற வேலைக்கு அவனை இரண்டு பேர் கூப்பிட்டார்கள். கட்டுமான வேலை ஒன்று, கேட்டரிங் ஒன்று. பேங்க்கில் வராது, யாருக்கும் தெரியாது என்றார்கள். போகவில்லை. இதே நிலையில் இருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான், போகாதீர்கள். பி.ஜி.டபிள்யூ.பி. வாழ்க்கையில் ஒரு முறைதான் கிடைக்கும். உணவு வங்கிகள் இருக்கின்றன, கோயில்களில் சாப்பாடு போடுகிறார்கள், தமிழ்ச் சனம் நிறைய இருக்கும் ஊர் இது, கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்று 2025 அக்டோபர் 20, அவனுக்கு 161ஆவது நாள். நேற்று அவன் கேட்டிருந்த ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் வந்தது. இரவு சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் அதே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம். ரெஸ்டோரேஷன் கட்டணம் கிடைத்திருக்கிறது. மொழித் தேர்வு முடிவு சேர்ந்திருக்கிறது. அவன் எழுதிய விளக்கக் கடிதமும் கோப்பில் இருக்கிறது. எதுவும் குறையவில்லை. கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு லேப்டாப்பை மூடினான். பிறகு எழுந்து போய் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தான்.